டொராண்டோ போகும் நாயனம்: ஒரு தவில்காரனின் பதில்

தம்பி கேட்டிருப்பது இது. மேலூர் பக்கம் ஒரு கிராமம். மூன்று தலைமுறையாக, கரகம், காவடி ஆட்டத்துக்கு வாசிக்கிற நையாண்டி மேளத்தில் நாயனம் (நாதஸ்வரம்) வாசிக்கிற குடும்பம். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மகன் கணினி வேலை கிடைத்து மனைவி, பிள்ளையோடு டொராண்டோ போகிறார். சின்ன வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து (ஒரே சுருதியைப் பிடிக்கிற குழல்) ஊதியிருக்கிறார், சில மெட்டுகளைச் சுமாராக வாசிப்பார். "எங்கள் வீட்டு மெட்டுகளை ஸ்வரமாக எழுதி எடுத்துப் போனால் போதுமா? அந்தக் குளிரில் நாயனம் தாங்குமா?" இவை இரண்டும் எழுதிய கேள்விகள். படித்துப் பார்த்தால் எழுதாத கேள்வி ஒன்றும் உள்ளே இருக்கிறது. அங்கே கரகம் கிடையாது, சாமி புறப்பாட்டுக்கு முன்னால் விடிய விடிய நிற்கிற கூட்டம் கிடையாது, கூட நிற்க நம் செட்டுத் தவில் கிடையாது. அப்படி ஒரு இடத்தில் இந்த மெட்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு இதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. மற்ற இரண்டுக்கும் பதில் சுலபம்.

நான் தவில்காரன். பசுமலை இசைக்கல்லூரியில் படித்தேன். கோயில் கச்சேரியும் அடித்திருக்கிறேன், நையாண்டி செட்டோடு லாரியில் ஏறி ஊர் ஊராகவும் போயிருக்கிறேன், வெளிநாட்டுத் திருவிழாக்களுக்கும் போய் வந்திருக்கிறேன். நாயனக்காரருக்குப் பக்கத்தில் நின்று கண்டதைத்தான் சொல்ல முடியும். மூச்சும் உதடும் பற்றிய நுணுக்கத்துக்கு உங்கள் அப்பாதான் வாத்தியார், நான் இல்லை.

முதலில் ஸ்வரம் எழுதுவது. எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் எதை எழுதப் போகிறீர்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். நையாண்டியில் ஒரு மெட்டு என்பது பெரும்பாலும் இரண்டு வரி, மிஞ்சினால் நாலு வரி. அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அதையே உங்கள் அப்பா கால் மணி நேரம் வாசிப்பார், கேட்கிறவனுக்கு அலுக்காது. ஏன்? கரகம் ஆடுகிற அம்மா தலையில் கரகத்தோடு பின்பக்கமாக வளைந்து, தரையில் கிடக்கிற ஊசியைக் கண்ணிமையால் எடுக்கிற கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வளைய ஆரம்பித்ததும் நாயனம் மெட்டை விட்டுவிட்டு ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தவில் குச்சியை அடக்கி, வலது பக்கத் தோலான வலந்தலையில் விரலால் மட்டும் பேசும். உறுமி மேளம் முனகும். ஊசி இமைக்கு வந்ததும் நான் ஒரு தீர்மானம், அதாவது முடிப்பு அடி, வைப்பேன், நாயனம் மெட்டின் முதல் வரிக்குப் போகாமல் இரண்டாவது வரியின் பாதியில் வந்து விழும். கூட்டம் அங்கேதான் கத்தும். எப்போது தீர்மானத்துக்குப் போவது என்று எனக்குச் சொல்வது நாயனக்காரரின் தோள்பட்டை. மூச்சை இழுக்கும்போது அது எழும்புகிற விதத்தை வைத்துத்தான் புரிந்துகொள்வேன். இதில் எதை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவீர்கள்?

ஆகவே ஸ்வரம் எழுதினால் எலும்பு கிடைக்கும். அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. கர்நாடக இசை படித்த யாரிடமாவது எழுதச் சொன்னால், கேட்ட மாத்திரத்தில் "இது செஞ்சுருட்டி", "இது புன்னாகவராளி" என்று பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்ததும் கை தானாக அந்த ராகத்துக்குத் திருத்தி எழுதிவிடும். செஞ்சுருட்டியில் வராத ஒரு நிஷாதம் உங்கள் அப்பா மெட்டில் இரண்டாவது சுற்றில் மட்டும் வரும், அது பிழை என்று வெட்டிவிடுவார்கள். வெட்டக் கூடாது. எழுதுகிறவர் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்: "இங்கே ரெண்டாம் தடவை மட்டும் ஏத்திப் பிடிக்கிறார்." காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இருந்ததை இருந்தபடி எழுதுங்கள். நாயனத்தில் துளையைப் பாதி மூடியும் உதட்டை இறுக்கியும்தான் பாதி இசை வருகிறது. அதற்குக் குறியீடு தேடிக்கொண்டு இருந்தால் விமானமே போய்விடும்.

இப்போது நான் அடித்துச் சொல்லக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். மெட்டோடு அடியையும் கொண்டுபோங்கள். நையாண்டி செட்டில் நாயனம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, உறுமி, தாளம். ஊருக்கு ஊர் தமுக்கும் சேரும். இதில் நாயனம் மட்டும் கடல் தாண்டினால், திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் மட்டும் பேசுகிற பேச்சு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு மெட்டுக்கும் கூட வருகிற அடி என்ன, நடை திஸ்ரமா (மூன்று எண்ணிக்கை) சதுஸ்ரமா (நாலு எண்ணிக்கை), எங்கே காலம் ஏறும், எங்கே உறுமி மட்டும் நிற்கும் என்று உங்கள் செட்டின் தவில்காரரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவரை அடிக்கச் சொல்வதற்கு முன்னால் வாயால் சொல்லச் சொல்லுங்கள். "தகிட தகிட" என்று அவர் சொல்கிற சொல்லில்தான் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது உங்களுக்குப் பிடிபடும். அதை நீங்களும் கையால் தொடையில் தட்டிச் சொல்லப் பழக வேண்டும். அங்கே போய் யாருக்காவது சொல்லித்தர வேண்டிய ஆள் நீங்கள்தானே.

தவிலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டு வாசிக்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வீட்டில் பழக அது உதவும். மேடைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மெஷின் உங்கள் தோள்பட்டையைப் பார்க்காது. நீங்கள்தான் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும், கொஞ்ச நாளில் உங்கள் வாசிப்பே சம அளவில் வெட்டிய துண்டுகளாக மாறிவிடும். அதைவிட அங்கே ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள். ஈழத்துக் கோயில்களில் தவில் வாசிக்கிறவராக இருக்கலாம், பறை பழகுகிற இளைஞராக இருக்கலாம், டோல் என்கிற மேளம் அடிக்கிற பஞ்சாபிக்காரராகக்கூட இருக்கலாம். மூன்று அடி சொல்லிக்கொடுத்தால் போதும், உங்களைப் பார்த்து அடிக்கிற ஒரு மனிதர் கிடைத்துவிடுவார்.

பதிவு செய்வது பற்றி. கைபேசி போதும், ஆனால் வைக்கிற இடம் முக்கியம். நாயனத்தின் அகன்ற வாயான அணசுக்கு நேர் எதிரே வைத்தால் சத்தம் உடைந்து வெறும் கரகரப்புதான் மிஞ்சும். பத்துப் பதினைந்து அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். சுருக்காத வேவ் வடிவில் பதிவு செய்கிற செயலி எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கேயே சேமித்து வைக்கிற பழக்கம் வேண்டாம், அது ஒலியைப் பிழிந்துவிடும். ஒவ்வொரு மெட்டையும் முதலில் அப்பா வாயால் பாட வேண்டும். நாயனக்காரர்கள் பலருக்குப் பாடக் கூச்சம். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, டீ குடிக்கும்போது கேட்டால் பாடுவார்கள். அடுத்தது நாயனம் மட்டும், மெதுவாக. அப்புறம் தவிலோடு. அப்புறம் ஒரு திருவிழா ராத்திரி முழுவதும், நிறுத்தாமல். விரலைப் படம் பிடிப்பதென்றால் எதிரே நின்று பிடிக்காமல், பின்னாலிருந்து தோளுக்கு மேலாகப் பிடியுங்கள். பின்னால் பார்த்துப் பழகும்போது உங்கள் கையும் அதே பக்கம் இருக்கும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், என்ன மெட்டு, எதற்கு வாசிப்பது, அப்பா யாரிடம் பிடித்தார் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போகலாம், உள்ளே பேசியது மாறாது.

எல்லாவற்றையும்விட ஒரு பதிவு முக்கியம். நீங்கள் வாசியுங்கள், அப்பா திருத்தட்டும், அதைப் பதிவு செய்யுங்கள். "அப்படி இல்லடா, அங்க இழுக்காத, வெட்டு" என்று அவர் சொல்கிற இடங்களில்தான் உங்கள் வீட்டு வாசிப்பு வெளியே வரும். நன்றாக வாசிக்கும்போது அவருக்கே தெரியாது தான் என்ன செய்கிறோம் என்று. அடுத்தவன் தப்பாக வாசிக்கும்போதுதான் தெரியும்.

எத்தனை மெட்டு? கிடைத்ததையெல்லாம் பதிவு செய்யுங்கள், ஆனால் கையிலும் தொண்டையிலும் ஏற்றிக்கொள்ளப் பத்துப் போதும். அந்தப் பத்தில் ஒன்று சாமி இறங்குவதற்கானது, ஒன்று காவடிக்கு, ஒன்று கரகத்துக்கு, ஒன்று குறவன் குறத்தி ஆட்டத்துக்கு, ஒன்று ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிப்பது என்று வேலைக்கு ஒன்றாகப் பிரித்து எடுங்கள். ஒரே மாதிரித் துள்ளல் மெட்டாகப் பத்து எடுத்துப் போனால் அங்கே போய்க் கை கட்டிப்போய்விடும்.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். "எங்கள் குடும்ப மெட்டு" என்கிறீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் பக்கத்தில் நையாண்டிக்காரர்கள் நாலா பக்கமும் இருந்து எடுத்தவர்கள். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது, அந்த நடையில் எத்தனையோ மெட்டு கிளைத்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து மதுரை, பாட்டோடு நடக்கிற ஸ்பெஷல் நாடகத்துக்குத் தலைநகரம். அவர் 1922இல் காலமானார், அடுத்த வருஷமே இங்கே நாடக நடிகர் சங்கம் எழுந்தது. திருவிழாவில் ஒரு நாள் நாடகம், மறுநாள் கரகம் என்றால், ஆர்மோனியத்தில் கேட்டது மறுநாள் நாயனத்தில் வந்துவிடும். சினிமா வந்த பிறகு கேட்கவே வேண்டாம். தாத்தா மெட்டு என்று ஒருவர் கண் கலங்கச் சொன்னது பழைய சினிமாப் பாட்டின் இடையிசையாக இருந்ததை நானே கேட்டிருக்கிறேன். சொல்ல மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அதே மெட்டை வேறு ஊர்ச் செட்டில், நத்தம் பக்கமோ உசிலம்பட்டி பக்கமோ, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது எல்லாருடையது. உங்கள் அப்பாவிடம் மட்டும் இருக்கிற திருப்பம், முடிக்கிற விதம், மூச்சு விடுகிற இடம் உங்கள் வீட்டுடையது. யார் முதலில் போட்டது என்பதை நிறைய மெட்டுகளுக்கு இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அங்கே மேடையில் அறிமுகம் செய்யும்போது "ஐந்நூறு வருஷப் பாரம்பரிய மெட்டு" என்றெல்லாம் அளக்க வேண்டாம். "என் அப்பா மேலூர்ப் பக்கம் கரகத்துக்கு வாசிப்பது" என்றால் அது உண்மை, அதற்கே ஒரு மதிப்பு உண்டு. பதிவுகளை இணையத்தில் போடுவதாக இருந்தால் கூட அடித்தவர்கள் பெயரையும் போடுங்கள், பணம் வந்தால் பங்கும் கொடுங்கள். உறுமிக்காரர் பெயர் எந்த வீடியோவிலும் வருவதில்லை.

அப்பா ஒத்துழைக்கத் தயங்கலாம். அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் கைதட்டலும் உண்டு, அவமானமும் உண்டு. விடிய வாசித்த ஆளைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போட்ட ஊர்கள் உண்டு. பேசிய காசைக் கொடுக்காமல் மதியம் வரை நிறுத்திவைத்த கமிட்டிகள் உண்டு. "நீயாவது இதுல வராத" என்று சொல்லிப் படிக்கவைத்த அப்பாவிடம் போய், அதையே எடுத்துக்கொண்டு கனடா போகிறேன் என்றால் அவருக்குச் சட்டென்று புரியாது. நாலு நாள் கழித்து அவரே நாயனப் பெட்டியைத் திறப்பார். அவசரப்படுத்த வேண்டாம்.

நாயனம் தாங்குமா என்ற கேள்விக்கு: குளிரைவிட எதிரி வறட்சி. டொராண்டோவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடாக்கி ஓடிக்கொண்டே இருக்கும், காற்று காய்ந்து கிடக்கும். நாயனத்தின் குழல் பகுதியான உலவு செய்வது ஆச்சா மரத்தில். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில், 2022இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற உத்திரம், தூண்களாகப் பார்த்து வாங்கிக் கடைவார்கள். நன்றாகக் காய்ந்த மரம் என்பதால் சட்டென்று வளையாது. ஆனாலும் வெளியே ஜில்லென்று இருக்கும் மரத்துக்குள் சூடான ஈர மூச்சை ஊதினால் விரிசல் விடும். ஓபோ, கிளாரினெட் வாசிக்கிற வெள்ளைக்காரர்களுக்கும் இதே தொல்லைதான், அவர்களுடைய கடைகளில் பெட்டிக்குள் வைக்கிற ஈரப்பதப் பை விற்கும், வாங்கி வையுங்கள். அறையில் ஈரப்பதம் 40லிருந்து 50 சதவீதம் இருந்தால் நல்லது, அளக்கிற கருவி மலிவுதான். வெளியிலிருந்து கொண்டுவந்தால் அறைச்சூட்டுக்கு வரும்வரை தொடாதீர்கள். முதல் குளிர்காலத்தில் ஒரே மூச்சில் நெடுநேரம் வாசிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வாசியுங்கள். பனியில் நின்று போட்டோவுக்காக ஊதுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாயில் வைத்து ஊதுகிற சீவாளி அங்கே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். திருவாவடுதுறையில் செய்கிறார்கள், காவிரிக்கரை நாணல்தான் மூலப்பொருள். உங்கள் நாயனம் குட்டையான திமிரியா நீளமான பாரியா, என்ன கட்டை (சுருதி) என்று சொல்லி, தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த காற்றில் அது இன்னும் சீக்கிரம் பிளக்கும். சீவாளியைத் திறந்து சரிசெய்கிற ஊசி, பழைய செட்களில் யானைத் தந்தத்தில் இருக்கும். தாத்தாவின் ஊசி அப்படிப்பட்டது என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் தந்தத்தை நாடு தாண்டிக் கொண்டுபோவது குற்றம், பரம்பரைச் சொத்து என்று சொன்னால் எடுபடாது. தவிலோ உறுமியோ கொண்டுபோனால் தோல் இருப்பதைப் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

அடுக்குமாடியில் நாயனம் ஊத முடியாது, போலீஸ் வரும். அந்த ஊரில் ஸ்காட்லாந்துப் பைக்குழல் வாசிக்கிறவர்கள் நிறைய. அவர்கள் வீட்டில் சின்னக் குழலில் விரல் பழகிவிட்டுப் பெரியதை வெளியே வாசிப்பார்கள். நீங்களும் வீட்டில் பாடியும் விரல் வைத்தும் பழகி, வாரம் ஒரு தடவை சமூகக்கூடத்தில் அறை எடுத்து ஊதுங்கள்.

இனி அந்த எழுதாத கேள்வி. கடல் தாண்டிய இசை பிழைக்குமா? பிழைத்த இடங்களைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மலேசியாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போன நம் ஆட்களோடு போன உறுமி மேளம் இன்று அங்கே தைப்பூசத்தில் இளைஞர்கள் கையில் இருக்கிறது. நம் ஊர் உறுமிக்காரர் கேட்டால் இது வேறு என்பார், வேறுதான், ஆனால் அதற்கு அங்கே வேலை இருக்கிறது, காவடி இருக்கிறது. டொராண்டோவிலேயே ஈழத்தமிழர் கோயில்களில் நாதஸ்வரமும் தவிலும் உண்டு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற ஒரு தவில் மேதையைத் தந்த மரபு அது, போனதும் முதலில் அவர்களைப் பாருங்கள். அவர்களுடையது கோயில் வாசிப்பு. நையாண்டியைச் சிலர் ஒரு படி கீழாகப் பார்க்கலாம், சிலர் ஆசையோடு கேட்பார்கள். இரண்டுக்கும் தயாராகப் போங்கள்.

கனடாவிலேயே இன்னொரு உதாரணம். கிழக்கே கேப் பிரட்டன் தீவில், ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடியானவர்கள் வீட்டு வயலின் மெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் இந்த வயலின்காரர்கள் அழிந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு படம் காட்டினார்கள். தீவு மக்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. 1973இல் கிளெண்டேல் என்ற சின்ன ஊரில் நூறு பேருக்கு மேல் வயலினோடு ஒரே மேடையில் ஏறினார்கள், இன்றும் அங்கே வாசிப்பு நடக்கிறது. ஸ்காட்லாந்தில் மாறிப்போன பழைய பாணி அங்கேதான் அப்படியே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள், அது இன்னும் தீராத வாதம். வாதத்துக்கு இடமில்லாதது இது: அந்த மெட்டுகள் வீட்டு நடனத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தன. ஆடுகிற கால் இருந்ததால் வாசிக்கிற கை நின்றது.

ஆகவே உங்கள் வேலை, மெட்டுக்கு அங்கே ஒரு ஆட்டத்தைத் தேடிக்கொடுப்பது. தைப்பூசக் காவடி, கல்யாண ஊர்வலம், பொங்கல் விழாவில் கும்மி, எதுவாகவும் இருக்கலாம். ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாகக் கனடா நாடாளுமன்றம் 2016இல் ஏற்றது, அந்த மாதத்தில் மேடைக்குப் பஞ்சம் இருக்காது. ஆனால் எட்டு நிமிஷம்தான் தருவார்கள். அதற்கென்று தனியாக ஒரு வெட்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதையே முழு வாசிப்பு என்று உங்கள் பிள்ளை நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு இப்போதைக்கு நாயனம் வேண்டாம், மூச்சு போதாது. மெட்டைப் பாடிக் காட்டி, கை தட்டி ஆடவிடுங்கள். வயது வந்ததும் அவனோ அவளோ எடுப்பார்களா என்பது உங்கள் கையில் இல்லை.

கிளம்புவதற்குள் ஆடித் திருவிழா ஏதாவது வந்தால், வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவோடு ஒரு ராத்திரி போங்கள், பதிவு செய்கிற ஆளாக இல்லாமல் பக்கத்தில் ஊதுகிற ஆளாக. அங்கே யாருக்காவது சொல்லித்தரத் தோதான மூன்று அடிகளின் சொல்லை, சாமி இறங்குகிற அடி, காவடி அடி, நடை அடி என்று பிரித்து இங்கேயே எழுதிப் போடுகிறேன். உங்கள் பக்கத்துச் செட்டில் அவற்றுக்கு வேறு பேர் இருந்தால் சொல்லுங்கள், அந்தப் பேரிலேயே எழுதிவிடலாம்.